பசை போட்டு ஒட்டிய கார் தெரியுமா? பழைய ஸ்போர்ட்ஸ் கார் சந்தையின் அதிசயங்கள்

பிரிட்டனில் ஒரு சாதாரண புதுக் குடும்பக் காரின் விலையைவிடக் குறைவான பணத்தில் போர்ஷே வாங்கலாம், தெரியுமா? அசல் போர்ஷே! 1996-ல் வந்த முதல் தலைமுறை பாக்ஸ்டர். இரண்டே இருக்கை, மடக்கும் கூரை, இருக்கைக்குப் பின்னால் இன்ஜின். இன்னொன்றும் கேளுங்கள். இந்தக் காரின் பானெட், முன்பக்க மட்கார்டுகள், கதவுகள் எல்லாம் அதே காலத்து 911 காருக்கும் அப்படியே பொருந்தும்! தொண்ணூறுகளின் தொடக்கத்தில் போர்ஷே கடும் பணமுடையில் இருந்தது. டொயோட்டாவிலிருந்து வந்த ஜப்பானிய நிபுணர்களை அழைத்து உற்பத்தி முறையையே மாற்றிக்கொண்டது. ஒரே முகத்தை இரண்டு கார்களுக்கு மாட்டிச் செலவை மிச்சப்படுத்தியது. 911 வாங்க வசதியில்லாதவருக்கும் அதன் முகம் கிடைத்தது அப்படித்தான்.

அந்த பாக்ஸ்டர் எந்த நாட்டில் பிறந்தது என்று சேஸி எண்ணே சொல்லிவிடும், தெரியுமா? பதினொன்றாவது எழுத்து 'எஸ்' என்றால் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட். 'யு' என்றால் பின்லாந்தின் ஊசிகௌபுங்கி! ஆம், போர்ஷேக்காக வால்மெட் என்ற நிறுவனம் அங்கே பாக்ஸ்டர்களைக் கட்டிக் கொடுத்தது. தரத்தில் இரண்டுக்கும் பேதம் பார்க்கத் தேவையில்லை.

இப்போது இந்தக் காரின் மிகப் பெரிய ரகசியம். இதன் இன்ஜினைக் கொன்றுபோடும் வல்லமை, உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு பேரிங்குக்கு இருக்கிறது! கிராங்க் ஷாஃப்டிலிருந்து கேம் ஷாஃப்டுகளுக்குச் சுழற்சியைக் கொண்டுபோக நடுவில் ஒரு தண்டு ஓடுகிறது. அதன் ஒரு முனையைத் தாங்குவதுதான் இந்த பேரிங். அது உடைந்தால் இரும்புத் துகள்கள் எண்ணெயில் கலக்கும், டைமிங் தவறும், வால்வுகள் பிஸ்டனில் மோதும். மொத்த இன்ஜினும் போச்சு! ஏறக்குறைய 2000 முதல் 2005 வரை வந்த கார்களில் ஒற்றை வரிசைக் குண்டுகள் கொண்ட பேரிங் இருந்தது. அதிகம் பேசப்படும் சிக்கல் அதில்தான். அமெரிக்காவில் இதற்காகக் கூட்டு வழக்கே நடந்து சமரசத்தில் முடிந்தது. 2009 மாடலில் வந்த புது இன்ஜினில் அந்தத் தண்டே கிடையாது!

பயந்து ஓட வேண்டியதில்லை. இந்த பேரிங்கை எட்டிப் பிடிக்க கியர்பாக்ஸைக் கழற்ற வேண்டும், கிளட்ச் மாற்றவும் அதைத்தான் கழற்ற வேண்டும். அதனால் விவரம் தெரிந்த உரிமையாளர் கிளட்ச் மாற்றும்போதே பேரிங்கையும் மாற்றியிருப்பார். விற்பவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி குதிரைத்திறன் பற்றியதல்ல, அந்த பில் பற்றியது. பில் இல்லையா? எண்ணெய் ஃபில்டரைக் கழற்றி, வெட்டிப் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். மடிப்புகளில் மினுமினுக்கும் துகள் தெரிந்தால் அந்தக் காரை விட்டுவிடுவதே நல்லது. மெக்கானிக் இல்லாமல் நீங்களே எட்டிப் பார்க்கவும் வழியில்லை. முன்னால் திறந்தாலும் சாமான் வைக்கும் இடம், பின்னால் திறந்தாலும் சாமான் வைக்கும் இடம்! எண்ணெயும் தண்ணீரும் ஊற்றும் மூடிகள் மட்டும்தான் பின்பக்கம் கைக்கு எட்டும்.

சரி, விற்பவர் சொல்வதை எப்படி நம்புவது? இங்கேதான் எனக்குப் பெரிய வியப்பு. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸில் ஓடும் எந்தக் காரின் நம்பர் பிளேட்டையும் அரசு இணையதளத்தில் தட்டினால், 2005 முதல் அது எழுதிய ஆண்டுத் தேர்வுகளின் மதிப்பெண் பட்டியல் இலவசமாகக் கிடைக்கும்! எம்.ஓ.டி. என்று அந்தத் தகுதிச் சோதனைக்குப் பெயர். எந்த ஆண்டு தேறியது, எதில் தோற்றது, அன்று மீட்டரில் எத்தனை மைல் என்பதெல்லாம் அதில் இருக்கும். மைல் கணக்கு ஓர் ஆண்டில் திடீரென்று இறங்கியிருந்தால் மீட்டரைத் திருப்பியிருக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம். 'அடிப்பகுதியில் துரு' என்ற அறிவுரை ஆண்டுக்காண்டு திரும்ப வந்தால், உரிமையாளர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை என்று பொருள். இவ்வளவு நேர்மையான ஆவணம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, வெறும் பளபளப்பைப் பார்த்து யாராவது பணம் கட்டினால் எனக்கு மனசு கேட்பதில்லை. தவணைக் கடன் பாக்கி இருக்கிறதா என்பதையும் கட்டணம் கொடுத்துச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். கடனை அடைக்கும்வரை அந்தக் கார் சட்டப்படி கடன் கொடுத்தவருடையதாகவே இருக்கக்கூடும்!

பத்து லட்சம் பேரை மயக்கிய குட்டிக் கார் எது, தெரியுமா? மாஸ்டா எம்.எக்ஸ்.-5! 1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் அறிமுகமானது. 2016-ல் பத்து லட்சமாவது கார் ஆலையிலிருந்து வெளியே வந்தது. உலகிலேயே அதிகம் விற்ற இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் என்று கின்னஸ் பதிவு செய்திருக்கிறது. குதிரையும் அதன் மேல் இருப்பவரும் ஓருயிராக வேண்டும் என்ற ஜப்பானியக் கருத்தை வைத்துக்கொண்டு இதைச் செதுக்கினார்கள். முதல் காரில் 1.6 லிட்டர் இன்ஜின், சுமார் 115 குதிரைத்திறன், எடை ஒரு டன்னுக்கும் குறைவு. இந்த 1.6 இன்ஜினில் டைமிங் பெல்ட் அறுந்தால்கூட வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளாது! வண்டி நின்றுவிடும், அவ்வளவே. புது பெல்ட் போட்டு ஓட்டலாம்.

இவ்வளவு உறுதியான காரைச் சாய்ப்பது எது? இலைச் சருகு! கூரையில் விழும் மழைநீர் இருக்கைகளுக்குப் பின்னால் இருக்கும் சிறு துளைகள் வழியாக வடிய வேண்டும். சருகு அடைத்துக்கொண்டால் தண்ணீர் கதவுக்குக் கீழே ஓடும் இரும்புப் பெட்டிக்குள் தேங்கி, உள்ளேயிருந்து அரித்துக்கொண்டே வரும். வெளியே பெயின்ட் கொப்பளிக்கும்போது உள்ளே பாதி போயிருக்கும். ஆகவே முதலில் மண்டியிட்டு, பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால் இருக்கும் அந்தப் பகுதியைப் பாருங்கள். இன்ஜினைப் பிறகு பார்க்கலாம். பிரிட்டனில் குளிர்காலத்தில் சாலையெங்கும் உப்புத் தூவுகிறார்கள், அது துருவுக்கு விருந்து. அதனால்தான் ஜப்பானில் ஓடி, 'யூனோஸ் ரோட்ஸ்டர்' என்ற பெயரோடு இறக்குமதியான இதே காருக்கு பிரிட்டனில் தனி மதிப்பு. (நம் நாட்டில் அந்த வாய்ப்பு இல்லை. மூன்று ஆண்டுக்கு மேல் பழைய காரை இந்தியா பொதுவாக இறக்குமதி செய்ய விடுவதில்லை.)

இப்போது மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு 9,000 சுற்று! 1999-ல் வந்த ஹோண்டா எஸ்2000. டர்போ இல்லாத இரண்டு லிட்டர் இன்ஜினிலிருந்து அமெரிக்கக் கணக்கில் 240 குதிரைத்திறன், அதாவது லிட்டருக்கு 120! அந்த வேகத்தில் ஒவ்வொரு பிஸ்டனும் நொடிக்கு 150 முறை மேலே போய்க் கீழே வருகிறது. கணக்குப் போட்டால் சராசரியாக நொடிக்கு 25 மீட்டர்! ஏறக்குறைய 6,000 சுற்றைத் தாண்டியதும் கேம் மாறி, இன்ஜினின் குரலே வேறாகிவிடும். வாங்கும்போது அந்த மாற்றம் நடக்கிறதா என்று ஓட்டிப் பாருங்கள், ஆனால் இன்ஜின் நன்றாகச் சூடான பிறகுதான். குளிர்ந்த இன்ஜினில் அது மாறாது. எண்ணெய் அளவைத் தவறாமல் பாருங்கள், எண்ணெய் குடிக்கும் குணம் சிலவற்றுக்கு உண்டு. இரண்டாம் கியர் முரண்டு பிடிக்கிறதா என்றும் கவனியுங்கள். 2009-ல் உற்பத்தி நின்றுவிட்டதால் நல்ல வண்டிகளின் விலை ஏறியிருக்கிறது.

தலைப்பில் சொன்ன பசைக் கார் இதோ! லோட்டஸ் எலீஸ், 1996. அலுமினியத் துண்டுகளை வெல்டிங் செய்யாமல் எபாக்சி பசையால் ஒட்டியே சேஸியைக் கட்டினார்கள். அந்தச் சேஸியின் எடை வெறும் 68 கிலோ! முழுக் காரும் 725 கிலோ அளவில்தான். அன்றைய லோட்டஸ் தலைவர் ரோமானோ அர்டியோலியின் பேத்தி எலிசாவின் பெயரைத்தான் காருக்கு வைத்தார்கள். அடிபட்ட எலீஸை மட்டும் விலை குறைவென்று தொட்டுவிடாதீர்கள். ஒட்டிய சேஸி வளைந்தால் தட்டி நிமிர்த்த முடியாது. முன்பக்க உடல் முழுவதும் ஒரே வார்ப்பு என்பதால் சின்ன மோதலுக்கும் பெரிய செலவு. முதல் தலைமுறையின் ரோவர் இன்ஜினில் ஹெட் கேஸ்கெட் போவது ஊரறிந்த சங்கதி. 2004 முதல் சில மாடல்களில் டொயோட்டா இன்ஜின் வந்தது. பணம் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் என் ஓட்டு அதற்கே.

டொயோட்டா ஜி.டி.86 இன்ஜினின் சிலிண்டர் விட்டம் 86 மில்லிமீட்டர், பிஸ்டன் ஓடும் தூரமும் 86 மில்லிமீட்டர், தெரியுமா? 2012, 2013-ல் தயாரானவற்றை வால்வு ஸ்பிரிங் மாற்றத் திரும்ப அழைத்தார்கள். அந்த வேலை முடிந்ததா, யார் செய்தார்கள் என்று கேளுங்கள்.

டயர் தன் வயதைத் தானே சொல்லும், தெரியுமா? பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம்! குறைந்த மைல் ஓடிய காரில் இதைக் கட்டாயம் பாருங்கள். ஓடாமல் நின்ற காரின் ரப்பர் இறுகும், சீல்கள் காயும், பிரேக் டிஸ்க் துருப்பிடிக்கும். அதனால் ஒழுங்காகப் பராமரித்து அன்றாடம் ஓட்டிய கார், மைல் அதிகம் காட்டினாலும், பெரும்பாலும் நல்ல பேரம்.

பார்க்கப் போகும் நாளில், தாங்கள் வரும்வரை இன்ஜினை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று விற்பவரிடம் முன்பே சொல்லிவிடுகிறார்கள் விவரம் தெரிந்தவர்கள். நீலப் புகையும் டைமிங் செயினின் கடகடப்பும் குளிர்ந்த இன்ஜின் உயிர்பெறும் முதல் சில நொடிகளில்தான் வெளிப்படும். சூடேறிவிட்டால் பல நோய்கள் ஒளிந்துகொள்ளும்! போனதும் இன்ஜின் இருக்கும் பக்கத்து மூடியின் மேல் உள்ளங்கையை வையுங்கள். சூடாக இருந்தால், இன்னொரு நாள் காலையில் வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பலாம்.