வீடிலார் உதவியும் கணக்கேடும்

மணிமேகலைக் காப்பியத்தில் வரும் ஆபுத்திரன் வரலாறு தமிழாசிரியர் அனைவரும் அறிந்ததே. மதுரைச் சிந்தாதேவி கோயிலைச் சார்ந்த அம்பலத்தில் தங்கி, ஆதரவற்றவர்களைக் கூவியழைத்து, தான் இரந்து கொணர்ந்த சோற்றை அவர்களுக்கு ஊட்டி வாழ்ந்தவன் அவன். பின்னர் அவன் கையில் அமுதசுரபி வந்து சேர்ந்தது. அதன்பின் நாட்டில் மழை வளம் பெருகிற்று. பசித்து வருவார் இன்மையால் அம்பலம் வெறிச்சோடியது. ஊட்டுவதற்கு ஆளின்றி ஆபுத்திரன் வருந்தினான் என்று கதை செல்கிறது.

அம்பலம் வெறுமையானதற்குக் காரணம் பாத்திரமா, மழையா? மழையே என்று காப்பியம் ஐயமின்றிக் கூறிவிடுகிறது. வீடிலார்க்குப் பொதுப்பணத்தைச் செலவிடும் இக்கால அரசாங்கங்களுக்கு அத்தகைய தெளிவு எளிதிற் கிட்டுவதில்லை. காப்பகம் ஒன்றில் ஆள் குறைந்தால், உதவி பயன்பட்டதால் குறைந்தனரா, வேலை பெருகியதால் குறைந்தனரா, அல்லது அதிகாரிகளுக்கு அஞ்சி வேறு தெருவுக்குப் போய்விட்டனரா என்பதை அறிதல் வேண்டும். அதனை அறியும் வழிதான் பயன்பாட்டுக் கணக்கு என்பது.

கணக்கு வைத்தலில் தமிழர் எவர்க்கும் இளைத்தவர் அல்லர். செங்கற்பட்டுப் பகுதியில் உள்ள திருமுக்கூடல் கோயிற் கல்வெட்டு, பதினோராம் நூற்றாண்டில் வீரராசேந்திர சோழன் காலத்தது. அங்கிருந்த ஆதுலர் சாலையில் 15 படுக்கைகள் இருந்தன. மருத்துவர், அறுவை செய்பவர், மூலிகை கொணர்வோர், நோயாளரைப் பேணும் பெண்டிர், நாவிதர் ஆகிய ஒவ்வொருவர்க்கும் உரிய ஊதியமும், ஏறத்தாழ இருபது மருந்துகளின் பெயரும் அதிற் பொறிக்கப்பட்டுள்ளன. ‘ஆதுலர்’ என்னும் சொல் நோயாளரையும் குறிக்கும், வறியவரையும் குறிக்கும் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. ஆயினும் அக்கல்வெட்டிலே ஒரு செய்தி இல்லை. அப்படுக்கைகளிற் கிடந்தவர் எத்தனை பேர் நலம் பெற்று வீடு திரும்பினர் என்பதுதான் அது. கொடை தவறாது நடைபெற வேண்டும் என்பதே கல்வெட்டின் நோக்கமாதலின் அதனைக் குறை கூறுதல் பொருந்தாது. ஆனால் ஓராயிரம் ஆண்டு கழிந்தும் பல நாடுகளின் வீடிலார் திட்டங்கள் இந்த அளவிலேயே நின்றன. எத்தனை படுக்கை, எத்தனை பொட்டலம் சோறு, எவ்வளவு பணம் என்பவை ஏட்டில் இருக்கும். படுத்தவன் பின் என்ன ஆனான் என்பது இராது.

மலேசியாவில் இப்பொருள் பற்றிய சட்டம் 1977 ஆம் ஆண்டின் வறியோர் பற்றிய சட்டம். பொதுவிடத்தில் இரப்போரையும், பிழைக்கும் வழியோ உறைவிடமோ இன்றித் திரிவோரையும் சமூகநல அதிகாரி அழைத்துச் சென்று மாஜிஸ்திரேட் முன் நிறுத்த அச்சட்டம் இடந்தருகிறது. ஒரு மாதத்திற்கு மேற்படாத தற்காலிகத் தங்கலில் அவரைப் பற்றிய அறிக்கை தயாரிக்கப்படும். பின்னர் மூன்றாண்டுக்கு மேற்படாமல் நல இல்லத்தில் தங்குமாறு ஆணை பிறக்கலாம். மெர்சிங், ஜெராண்டுட், கோத்தா கினபாலு ஆகிய இடங்களிலுள்ள டேசா பினா டிரி இல்லங்கள் இதற்காகவே அமைந்தவை. இதனின் வேறுபட்டது 2011 இல் கோலாலம்பூரில் தொடங்கிய அஞ்சோங் சிங்கா. விரும்பி வருவோர்க்குச் சின்னாள் தங்க இடமும், உணவும், வேலை தேட உதவியும் அளிப்பது அது. பின்னர் பினாங்கு முதலிய நகரங்களிலும் அப்பெயரில் இல்லங்கள் ஏற்பட்டன.

ஒன்று அழைத்துச் செல்லும் முறை. மற்றொன்று தானே வரும் முறை. இரண்டையும் ஒரே எண்ணால் அளக்க இயலாது. ‘இவ்வாண்டு இத்தனை பேர் மீட்கப்பட்டனர்’ என்று அறிக்கையில் எழுதினால் எண் பெரிதாகத் தோன்றும். ஆனால் ஒரே மனிதர் தை மாதம் ஜார்ஜ் டவுன் கடைத்தாழ்வாரத்திலும், வைகாசியில் பட்டர்வொர்த் படகுத்துறையிலும், மறுபடி ஐப்பசியிலும் அழைத்துச் செல்லப்பட்டிருந்தால் எண் மூன்று, ஆள் ஒருவர். மும்முறை மீட்கப்பட்டவர் ஒருமுறையும் மீளவில்லை என்பதே உண்மை.

ஆகவே ஆளை அடையாளங்காணுதல் முதற்பணி. நம்மவரைப் பொறுத்தவரை இது சிறு சங்கடமன்று. முனியாண்டி என்ற ஒரு பெயரை ரோமன் எழுத்தில் ஓர் எழுத்தர் ‘ஐ’ எழுத்தில் முடிப்பார், மற்றவர் ‘ஒய்’ எழுத்தில் முடிப்பார். தந்தை பெயர் ஓரேட்டில் இருக்கும், மற்றோரேட்டில் விடுபட்டுப் போகும். அடையாளக் கார்டு எண் இருந்தால் இவையெல்லாம் தீரும். ஆனால் தெருவில் உறங்குவோர் பலரிடம் கார்டு இராது. மழையில் நனைந்தோ களவு போயோ இருக்கும். தோட்டப்புறத்து முதியோர் சிலர் வாழ்நாள் முழுதும் சிவப்புக் கார்டுடனேயே கழித்தவர். கார்டு இல்லாதவரை ஏட்டில் சேர்க்காமல் விட்டால், மிகவும் நலிந்தவரே கணக்கினின்று முதலில் மறைகின்றனர். அப்புறம் கிடைக்கும் சராசரி இருப்பதைவிட நல்லதாகவே தோன்றும்.

தோட்டத்தைப் பற்றிச் சொன்னமையால் இன்னொன்றையும் கூறவேண்டும். செக்ரோலில் பெயர் இருக்கும்வரை லயத்தில் வீடு உண்டு; பெயர் நீங்கினால் வீடும் நீங்கும். இது தோட்டத் தொழிலாளர் நீண்டகாலமாகக் கண்ட நடைமுறை. 1950களிலும் 60களிலும் பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது வேலையும் கூரையும் ஒரேநாளில் போன குடும்பங்கள் ஏராளம். அந்நிலையை எதிர்த்தே 1960 இல் துன் வீ. தி. சம்பந்தன் முயற்சியால் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. செபராங் பிறையின் வடபகுதியில், தாசேக் கெலுகோர் சுற்றுவட்டாரத்து இரப்பர், செம்பனைத் தோட்டங்களை அறிந்தவர்க்கு இதை விரித்துரைக்க வேண்டுவதில்லை. வேலை ஓய்ந்தபின் மகன் வீட்டிலும், அங்கு இடமின்றேல் தங்கை வீட்டுத் தாழ்வாரத்திலும், பின்னர் கோயில் மண்டபத்திலும் படுத்து, கடைசியில் நகரத்துக்கு வந்து சேரும் முதியவரை ‘வீடிலார்’ என்று எந்த நாளிலிருந்து எண்ணுவது? காப்பகத்தின் பதிவுத்தாளில் ‘இதற்கு முன் எங்கே தங்கினீர்’ என்ற ஒரு கேள்வி இருந்தால் இப்பயணம் முழுதும் வெளிப்படும். ‘முகவரி: இல்லை’ என்று மட்டும் எழுதினால் ஒன்றும் வெளிப்படாது.

பின்லாந்து நாட்டார் 1987 முதல் ஆண்டுதோறும் எடுத்துவரும் கணக்கில், உற்றார் வீட்டில் ஒண்டியிருப்போரையும் சேர்த்தே எண்ணுகின்றனர். தொகை பெரிதாகுமே என்று அவர்கள் தயங்கவில்லை. 2008 முதல் அந்நாடு முதலில் நிலையான வீடு, பின்னர் மற்ற சிகிச்சையும் சீர்திருத்தமும் என்னும் கொள்கையைப் பின்பற்றியது. தனியராய் வாழும் வீடிலார் தொகை 2023 இல் 3,429 ஆகக் குறைந்ததும், 2024 இல் 3,806 ஆக மீண்டும் கூடியதும் இக்கணக்கினாலேயே தெரிய வந்தன. ஏற்றத்தையும் மறைக்காமற் சொல்வதால், இறக்கத்தைச் சொல்லும்போது அந்த ஏட்டை நம்பமுடிகிறது.

இந்தியாவில் 2011 ஆம் ஆண்டு மக்கட்கணக்கெடுப்பின்போது பிப்ரவரி 28 ஆம் நாள் இரவு வீடிலார் எண்ணப்பட்டனர். நாடு முழுவதும் 17.7 இலட்சம் பேர். 2001 இல் 19.4 இலட்சம். குறைந்துவிட்டதென மகிழலாமா எனின், நாட்டுப்புறத்திற் குறைந்து நகரங்களிற் கூடியிருந்தது. நகர்ப்புறத் தொகை 7.8 இலட்சத்திலிருந்து 9.4 இலட்சமாயிற்று. ஓர் இலட்சம் மக்களுக்கு ஒரு காப்பகம் வேண்டுமென்று 2010 இல் உச்சநீதிமன்றம் வலியுறுத்தியது. 2013 இல் தொடங்கிய தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தில் அவ்விதியே திட்டமாகியது. ஒவ்வொரு காப்பகத்திலும் குறைந்தது 50 பேர்க்கு இடம், ஆளொன்றுக்கு 50 சதுர அடி என்பன அதன் வரையறை. பணமும் மாநிலங்களுக்குச் சென்றது. ஆனால் சென்ற பணத்திற்கேற்பக் கூரை எழும்பவில்லை என்னும் முறையீட்டின்மேல், 2016 நவம்பரில் நீதிபதி கைலாஷ் கம்பீர் தலைமையில் ஒரு குழுவை உச்சநீதிமன்றம் அமைக்கவேண்டியதாயிற்று. ஏட்டிலிருந்த காப்பகம் தெருவில் இருக்கிறதா என்று ஆள் அனுப்பிப் பார்ப்பதும் கணக்கெடுப்பின் ஒரு பகுதியே என்பது இதனாற் பெறப்படும்.

சென்னை மாநகராட்சியின் காப்பகங்கள் இவ்வகையில் கவனிக்கத்தக்கவை. ஆடவர், பெண்டிர், சிறுவர், மனநலம் குன்றியோர் எனப் பிரித்தும், அரசு மருத்துவமனைகளை அடுத்து நோயாளருடன் வந்தோர்க்கெனத் தனியாகவும் அவை நடைபெறுகின்றன. மருத்துவமனைக் காப்பகத்தில் ஒருவர் பத்துநாளில் ஊர் திரும்பினால் அது இயல்பு. மனநலக் காப்பகத்தில் ஒருவர் பத்துநாளில் காணாமற்போனால் அது கவலைக்குரியது. இரண்டையும் ‘விரைவில் வெளியேறியோர்’ என்று ஒரே பத்தியில் கூட்டுபவர் எண்ணை அறிவாரன்றிப் பொருளை அறியார்.

இத்துறையில் மிக விரிவான ஏற்பாடு அமெரிக்க ஐக்கிய நாட்டினுடையது. 1987 இல் இயற்றப்பட்டு, இன்று மக்கின்னி–வென்டோ சட்டம் என வழங்குவதன் கீழ் அந்நாட்டு மத்திய அரசு உதவிப்பணம் அளிக்கிறது. பெறுவோர் விவரத்தைத் தனித்தனி ஆளாகத் திரட்ட வேண்டுமென்று 2001 இல் காங்கிரஸ் சபை பணித்தது. 2004 இல் அதற்கான பொதுவிதிகள் வெளிவந்தன. 2009 ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம், ஒவ்வொரு வட்டாரமும் எத்துணைப் பயன் விளைத்தது என்பதை நிதி வழங்குவதோடு இணைத்தது. இன்று ஏழு அளவைகள் உள்ளன. ஒருவர் எத்தனை நாள் வீடின்றி இருந்தார், வீடு பெற்றவர் மீண்டும் திரும்பி வந்தாரா, வருமானம் உயர்ந்ததா, புதிதாக வீடிழந்தோர் எத்தனைபேர் என்பன அவற்றுட் சில.

இவற்றுள் மிகக் கூர்மையானது திரும்பி வருதலைப் பற்றிய அளவை. நிலையான வீட்டுக்குச் சென்றார் என்று குறிக்கப்பட்டவர், ஆறு மாதத்தில், ஓராண்டில், ஈராண்டில் மீண்டும் காப்பகத்தில் வந்து பதிந்தாரா என்று ஏடு பார்க்கிறது. படுக்கையை நிரப்பிக் காட்டும் நிலையத்துக்கு இவ்வளவையில் ஒரு மதிப்பும் இல்லை. அதே வேளையில், இவ்வேட்டின் பெரிய ஓட்டையும் புறப்படும் இடத்திலேயே உள்ளது. காலையில் எழுந்து போனவர் மாலையில் வருவதில்லை. ‘எங்கே போகிறீர்’ என்று கேட்க ஒருவரும் இல்லை. அப்பத்தி வெறுமையாகக் கிடக்கிறது.

காப்பக ஏடு தெருவில் உறங்குபவரைக் காட்டாதாதலின், ஆண்டுதோறும் ஜனவரிக் கடைசிப் பத்துநாள்களுள் ஓரிரவில் தலைக்கணக்கும் எடுக்கின்றனர். 2023 இல் 6,53,104 ஆக இருந்த தொகை 2024 இல் 7,71,480 ஆயிற்று. கடுங்குளிரில் எடுப்பதேன் எனின், காப்பகத்தில் மிகுதியானோர் கூடும் காலம் அது; வெளியில் எஞ்சியவர் வேறு போக்கற்றவர் என்பதும் தெளிவாகும். பினாங்கில் குளிர் இல்லை. அதற்கீடாக அடைமழைக்கால இரவொன்றைத் தேரலாம்.

அளவைக்குப் பணத்தைக் கட்டினால் நேரும் கேட்டை ஆசிரியர்களுக்கு விளக்கத் தேவையில்லை. தேர்ச்சி விழுக்காடு ஒன்றே பள்ளியின் மதிப்பு என்றால், தேறமாட்டான் எனத் தோன்றும் பையனைத் தேர்வுக்கு அனுப்பாமலிருக்கும் எண்ணம் சிலர்க்கு எழும். காப்பகமும் அப்படியே. வேலைக்கு உடனே போகக்கூடிய இளைஞனை வரவேற்று, குடியால் நலிந்த கிழவரை ‘இடமில்லை’ என்று திருப்பிவிட்டால் கணக்கு அழகாக அமையும். இதனைத் தடுக்க, வந்தவர் எந்நிலையில் வந்தார் என்பதையும் பதிந்து, ஒத்த நிலையினரோடு ஒத்த நிலையினரை ஒப்பிடுகின்றனர். திருப்பி அனுப்பப்பட்டோர்க்கும் ஒரு பத்தி இருத்தல் நலம். அது எளிதில் எழுதப்படும் பத்தியன்று.

மறைபொருள் காத்தலும் இதனுள் அடங்கும. கணவனின் கொடுமைக்குத் தப்பி வந்த பெண்ணின் இருப்பிடம் பொது ஏட்டில் ஏறினால் அவள் உயிர்க்கே ஊறு. அமெரிக்கச் சட்டம் அத்தகையோரைக் காக்கும் நிலையங்கள் பொது ஏட்டிற் பெயர் சேர்ப்பதைத் தடுத்து, தனி ஏடு வைக்கச் சொல்கிறது. மலேசியாவின் 2010 ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் மத்திய, மாநில அரசாங்கங்களைக் கட்டுப்படுத்துவதன்று. ஆகலின் இங்கு இப்பொறுப்பு ஏடு வைக்கும் இலாகாவின் நேர்மையையே சார்ந்துள்ளது. பெயர் சொன்னால் பிடித்துச் செல்வார்கள் என்ற அச்சம் பரவினால் தெருவிலிருப்பவர் பொய்ப்பெயர் சொல்வார், அல்லது சோற்றுப் பொட்டலத்தையும் விட்டு விலகுவார். பிடிப்பவர் கையிலும் உதவுபவர் கையிலும் ஒரே ஏடு இருத்தல் கூடாது என்பதற்கு இதனினும் வேறு காரணம் வேண்டா.

இனி, ஏடு எவ்வளவு தொலைவு ஆளைத் தொடர வேண்டும் என்பது. தாசேக் கெலுகோர் நிலையத்தில் வடக்கு நோக்கி இரயிலேறுபவர் சிறிது நேரத்தில் கெடா மாநிலத்துச் சுங்கை பட்டாணியில் இறங்கிவிடுவார். பினாங்கில் ஒரு காப்பகத்திலிருந்து காவலாளி வேலைக்கெனப் புறப்பட்டவர், வேலை நிலைக்காமல், அங்குள்ள கடைவாசலில் படுத்திருக்கக்கூடும். பினாங்கின் எல்லையோடு நின்றுவிடும் ஏட்டில் அவர் ஆறு மாதமாகத் திரும்பி வராதவர். ஆகவே வெற்றி பெற்றவருள் ஒருவராக எண்ணப்படுவார். இறந்தவரும் அப்படியே எண்ணப்படுவார். புறப்படும் நாளில் அவரிடம் கைத்தொலைபேசி எண்ணை மட்டும் வாங்குவதில் பயன் குறைவு. அவ்வெண் மாதத்தில் மாறிவிடும். அவரை அறிந்த உறவினர் ஒருவர், அடிக்கடி செல்லும் கோயில், கடன்சொல்லித் தேநீர் குடிக்கும் கடை ஆகியவற்றின் பெயரை அவர் இசைவோடு எழுதிக்கொண்டு, ஆறு மாதங்கழித்து அங்கே ஒருவர் சென்று விசாரித்தால், அந்தப் பத்தி நிரம்பும்.