சீட்டுக் காசில் எடுத்த லைசன்ஸ்

கரையோரத்து மனிதர்கள் – 9

சென்ற வாரம் ஒரு கேள்வியோடு நிறுத்தியிருந்தேன். உப்புவெளி, நிலாவெளி ஹோட்டல்களில் வேலை பார்த்த பெடியன்கள் எல்லாம் எங்கே போனார்கள்? கட்டாருக்குப் போனவர்கள் உண்டு. அப்பாவின் வள்ளத்துக்கே திரும்பியவர்கள் உண்டு. ஒரு சிலர் லொறியில் ஏறினார்கள். இந்த வாரம் அந்த ஒரு சிலரின் கதை.

திருகோணமலையிலிருந்து நிலாவெளி வீதியால் வடக்கே போய், உப்புவெளி கழிந்து, சாம்பல்தீவுப் பக்கமாகக் கடலை நோக்கித் திரும்பினால் சல்லி. வெளியூர்க்காரருக்கு முத்துமாரியம்மன் கோயிலைச் சொன்னால்தான் ஊர் விளங்கும். பொங்கலுக்கு மாவட்டத்தின் நாலாபக்கத்திலிருந்தும் சனம் வந்து சேரும். மற்ற நாட்களில் அது ஒரு கடற்றொழில் ஊர். மார்கழி, தை மாதங்களில் கடல் கொந்தளித்தால் வள்ளங்கள் கரையிலேயே கிடக்கும். அந்த மாதங்களை ஈடுகட்டத்தான் வீட்டுக்கு ஒருவர் வெளியே வேலைக்குப் போவது. பத்துப் பன்னிரண்டு வருடங்களாக அந்த ஒருவர் போன இடம் அநேகமாக ஹோட்டல்.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று குண்டுகள் வெடித்தன. கிழக்குக் கரையின் சுற்றுலாப் பருவம் தொடங்குகிற நேரம் அது. அந்த வருடம் வெள்ளைக்காரர் வரவு படுத்துவிட்டது. அடுத்த பருவத்துக்கு முன்னால் 2020 மார்ச்சில் ஊரடங்கு. சரி, கடலாவது இருக்கிறதே என்று திரும்பியவர்களுக்கு 2022 வந்தது. 2021 டிசம்பரில் லீற்றர் 121 ரூபா விற்ற டீசல் 2022 ஜூன் 26இல் 460 ரூபா ஆனது. வள்ளத்து என்ஜின் குடிக்கிற மண்ணெண்ணெய் அதே ஆண்டு ஓகஸ்டில் 87இலிருந்து ஒரே தாவலில் 340. அன்று கியூவில் நின்றவர்களுக்கு இந்த எண்களைச் சொல்லத் தேவையில்லை. பின்னால் வாசிக்கப்போகிறவர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

நான் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்த தம்பிக்கு முப்பதை நெருங்கும் வயது. ஹோட்டலில் ரூம் போயாக இருந்தவர், இரண்டு வருடம் வேலையில்லாமல் இருந்தவர், இப்போது லொறி ஓட்டுகிறார். "பேரைப் போட்டுடாதீங்க அண்ண. முதலாளி பேப்பர் வாசிக்கிற ஆள்" என்றார். போடவில்லை.

வேலை போன பெடியனுக்கு ஊரில் முதலில் கிடைக்கிற புத்திமதி "ஒரு ஓட்டோவ லீசிங்கில எடு" என்பதுதான். வீட்டு நகை முற்பணமாகப் போகும், மாமனோ மச்சானோ பிணை நிற்பார். ஒரே ஸ்டாண்டில் ஏழெட்டு ஓட்டோக்கள் நின்றால் யாருக்குச் சவாரி கிடைக்கும்? மூன்று தவணை தவறினால் கம்பனி ஆட்கள் வந்து வண்டியைச் சீஸ் பண்ணிக்கொண்டு போவார்கள். அதோடு நகையும் போய், பிணை நின்ற மச்சானோடு பேச்சுவார்த்தையும் போய்விடும். இவர் வீட்டிலும் ஓட்டோப் பேச்சு நடந்திருக்கிறது. அதைத் தடுத்தவர் அம்மாவோடு சீட்டுப் போடுகிற அடுத்த வளவு அக்கா. "வண்டிய வாங்கினா கடனும் சேர்ந்து வரும். லைசன்ச எடு, அத ஒருத்தனும் சீஸ் பண்ண ஏலாது" என்றாராம். பொருளாதாரம் படித்தவர்கள் நாலு பக்கத்தில் எழுதுவதை அந்த அக்கா வேலியில் நின்றபடியே சொல்லி முடித்துவிட்டார்.

அந்தச் சீட்டில் இருபது பேர். ஆளுக்கு மாதம் ஐயாயிரம் போட்டால் கையில் ஒரு லட்சம். யாருக்கு எந்த மாதம் என்பது குலுக்கலில் விழும். ஆனால் ஊர்ச் சீட்டில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு: செத்த வீடு, ஆஸ்பத்திரி, பிள்ளையின் சாமத்தியச் சடங்கு என்று வந்தால் முறை விழுந்தவர் விட்டுக்கொடுப்பார். லைசன்ஸ் எடுக்க விட்டுக்கொடுத்தது அந்த வளவில் அதுவே முதல் தடவை. முறை விழுந்திருந்த பெண்ணுக்குக் கூரைத் தகடு மாற்ற வேண்டியிருந்தது. மழைக்கு முன் எப்படியும் தருவோம் என்று மற்றவர்கள் வாக்குக் கொடுத்த பிறகுதான் அவர் சம்மதித்தார். உதவி என்று எழுதும்போது ஏதோ பணம் மரத்தில் காய்த்தது போல ஆகிவிடுகிறது. அதற்காக ஒரு வீட்டின் கூரை காத்திருந்தது என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.

லைசன்ஸ் ஒரே தாவலில் கிடைக்கிற சாமான் இல்லை. மொத்த எடை 3,500 கிலோ வரையான வாகனத்துக்கு ‘பி’. அதற்கு மேல் 17,000 கிலோ வரை ‘சி1’. அதையும் தாண்டினால் ‘சி’. பின்னால் ட்ரெய்லர் பூட்டிய கன்டெய்னர் வண்டிக்கு ‘சிஈ’. கனரகத்துக்கு வயதுக் கட்டுப்பாடும் உண்டு. மருத்துவச் சான்றிதழ், எழுத்துப் பரீட்சை, பிறகு ஓடிக் காட்டுவது. இலகு வாகன அனுமதிப்பத்திரம் எட்டு வருடத்துக்குச் செல்லும். கனரகத்தை நாலு வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும், கண்ணையும் காதையும் திரும்பக் காட்ட வேண்டும். சீட்டுக் காசு லேனர்ஸ் என்கிற பயிற்சிப் பள்ளியின் கட்டணத்துக்கும் இந்த அலைச்சலுக்கும் போனது. ஆனால் லேனர்ஸ்காரர் சொல்லித் தருவது பரீட்சை பாஸ் பண்ணுகிற அளவுக்குத்தான். அந்த அட்டையை நம்பி எந்த முதலாளியும் தன் லொறிச் சாவியைத் தூக்கிக் கொடுக்க மாட்டார்.

சாவி கிளீனர் வேலை வழியாகத்தான் கைக்கு வரும்.

திருகோணமலைக்கு இந்த விஷயத்தில் ஒரு வசதி இருக்கிறது. ஹோட்டல் மூடினாலும் சுமை நிற்காத துறைமுகம் இது. சீனக்குடாவில் 1977ஆம் ஆண்டு உடன்பாட்டின்படி எழுந்த பிறீமா மா ஆலை, எண்பதுகளில் வந்த டோக்கியோ சீமெந்துத் தொழிற்சாலை, வெள்ளைக்காரன் கட்டிவிட்டுப் போன எண்ணெய்த் தாங்கிகள், வடக்கே புல்மோட்டையின் கனிய மணல். இவற்றின் பொருளை ஏற்றுகிற லொறியெல்லாம் கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை வழியாகவோ ஹொரவப்பொத்தானை, அநுராதபுரம் வழியாகவோ வெளியே போக வேண்டும். நாடு முழுவதும் பாண் தின்கிற வரைக்கும் இந்த ஊரில் லொறிக்கு வேலை இருக்கும்.

தம்பிக்குச் சித்தப்பா முறையான ஒருவர் முப்பது வருடமாகச் சீமெந்து லொறி ஓட்டுகிறவர். அவர்தான் முதலாளியிடம் பேசி இவரைக் கிளீனராக ஏற்றினார். பெரிய படிப்பு ஸ்டியரிங்கில் இருக்கிறது என்று நினைத்துப் போனவருக்குக் கிடைத்த முதல் பாடம் படங்கு கட்டுவது. ஒரு மூட்டை 50 கிலோ. இருநூறு மூட்டை ஏற்றினால் பத்துத் தொன். வெயிலில் ஏற்றிய லொறி ஹபரணைக்குப் போகும்போது மழை பிடித்தால், படங்கில் விரலளவு இடைவெளி போதும், மேல் வரிசை மூட்டைகள் கல்லாகிவிடும். அந்த நட்டம் யார் தலையில் விழும் என்று சொல்லத் தேவையில்லை. அதனால் படங்கை முன்பக்கத்திலிருந்து பின்னுக்கு மடித்து, காற்று உள்ளே புகாத பக்கமாக மடிப்பை வைத்து, கயிற்றைக் கொக்கியில் மாட்டி, காலை டயரில் ஊன்றி முழு உடம்பின் பாரத்தையும் போட்டு இழுக்க வேண்டும். முதல் கிழமை கை தோலுரிந்தது. வலை இழுத்த கைதான், ஆனாலும் உரிந்தது என்று சிரித்தார்.

இரண்டாவது பாடம் சும்மா இருப்பது. காலையில் என்ஜினை முடுக்கியதும் உடனே எடுக்கக் கூடாது. ஏயார் பிரேக் வண்டியில் தாங்கிக்குள் காற்று நிரம்பி, முள் மேலே வரும் வரைக்கும் பொறுக்க வேண்டும். அவசரப்பட்டுக் கியரில் கை வைத்தவருக்குச் சித்தப்பா சொன்னது: "மகன், ஏயார் ஏறட்டும். கொழும்பு எங்கயும் ஓடிப்போகாது." அந்தச் சில நிமிடங்களில் கிளீனர் இறங்கிப் போய் டயர்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பார். இரட்டை டயரில் உள்ளே இருப்பது காற்றுப் போயிருந்தால் கண்ணுக்குத் தெரியாது. தட்டுகிற சத்தத்தில் தெரியும். மலைநாட்டுக்கு நடை கிடைத்தபோது றம்பொடை இறக்கத்தில் மூன்றாவது பாடம். ஏறும்போது எந்தக் கியரோ அதே கியரில் இறங்கு, பிரேக்கில் காலை வைத்துக்கொண்டே இறங்காதே. சூடேறினால் பிரேக் பிடிக்காது. இதெல்லாம் லேனர்ஸ் புத்தகத்திலும் ஓரிரு வரியில் இருக்கலாம். பக்கத்து ஆசனத்தில் உட்கார்ந்து, பயந்து, பார்த்துப் படித்தால்தான் உடம்பில் ஏறும்.

முதலில் வெறும் வண்டியை யார்டுக்குள் திருப்பக் கொடுத்தார்கள். பிறகு சுமை இறக்கிவிட்டுத் திரும்புகிற வழியில், விடியற்காலையில், வாகனமில்லாத றோட்டில் ஓடக் கொடுத்தார்கள். சுமையோடு கொடுத்தது கனரக அட்டை கைக்கு வந்த பிறகு.

கனடாவில் இருக்கிற நம்மவர்கள் இதை வாசித்தால் சிரிக்கக் கூடும். ஒன்ராறியோவில் 2017 ஜூலை 1 முதல் பெரிய ட்ரக் ஓடுகிற ‘ஏ’ வகுப்பு லைசன்சுக்கு ஆகக் குறைந்தது 103.5 மணித்தியாலப் பயிற்சி கட்டாயம். ஏயார் பிரேக்குக்குத் தனியாக ‘இசட்’ என்று ஓர் ஒப்புதல் எடுக்க வேண்டும். வேலை இழந்தவர்கள் வேறு தொழில் படிக்க அந்த மாகாண அரசே காசு கொடுக்கிற திட்டம் 2008இல் தொடங்கியது. ட்ரக் ஓடப் படித்தவர்கள் அதில் ஏராளம். அங்கே அரசு செய்கிற இரண்டு வேலையை இங்கே சீட்டுக்கார அக்காவும் சித்தப்பாவும் செய்கிறார்கள். எனக்கு இதில் பெருமையும் உண்டு, கோபமும் உண்டு. சித்தப்பா இல்லாதவன் என்ன செய்வான்?

தமிழ்நாட்டில் நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோட்டுப் பக்கத்தையும் இங்கே சொல்ல வேண்டும். வானம் பார்த்த காட்டை வைத்திருந்த குடும்பங்கள் லொறிக்கு மாறிய வட்டாரம் அது. கிளீனர் டிரைவராகி, டிரைவர் பங்காளிகளோடு சேர்ந்து ஒரு வண்டிக்கு உடைமையாளராகி, அந்த வண்டியில் இன்னொரு ஊர்ப் பையன் கிளீனராக ஏறுவான். கூண்டு கட்டுகிற பட்டறை, டயர்க் கடை, பைனான்ஸ் எல்லாம் அந்த வட்டாரத்திலேயே உண்டு. தென்னிந்தியாவின் சமையல் எரிவாயு டேங்கர்களில் பெரும் பகுதி நாமக்கல்காரருடையது. சல்லியும் அப்படி ஆகலாம் என்று மேடையில் பேசுகிறவர்களைக் கேட்டிருக்கிறேன். ஆக முடியாது என்பது என் கணக்கு. அங்கே கடன் கொடுத்தவனும் வண்டி ஓட்டுபவனும் ஒரே சந்தையில் காய்கறி வாங்குகிறவர்கள். இங்கே லீசிங் கம்பனியின் தலைமையகம் கொழும்பில். போதாததற்கு 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு பழைய லொறிக்கே எட்டாத விலை ஆனது. ஓட்டுகிற ஆசனம் வரைக்கும் ஊரால் ஒருவரைத் தூக்கிவிட முடியும். உடைமையாளர் ஆக்குகிறோம் என்று இறங்கினால் ஓட்டோக் கதைதான்.

இனி முதலாளி பேப்பர் வாசிக்கிற விஷயத்துக்கு வருகிறேன்.

ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியின் சம்பளத்தில் 8 வீதம், முதலாளி 12 வீதம் போட வேண்டும். நம்பிக்கை நிதிக்கு இன்னொரு 3 வீதம். சேமலாப நிதி 1958ஆம் ஆண்டுச் சட்டம், நேற்று வந்ததில்லை. ஒன்றிரண்டு லொறி வைத்திருக்கிற முதலாளியிடம் நடைக் காசுக்கு ஓடுகிற சாரதிகளிடம் கேட்டுப் பாருங்கள், எத்தனை பேருக்குச் சேமலாப நிதி இலக்கம் இருக்கிறது என்று. தம்பிக்கு இல்லை. ஓடினால் காசு, வண்டி கராஜில் நின்றால் காசில்லை. ஏன் கேட்கவில்லை என்றேன். "எப்பிடிக் கேக்கிறது அண்ண? சும்மா இருந்தவன ஏத்தின மனுசன். சித்தப்பாட முகத்துக்காக ஏத்தினவர். நான் கேட்டா சித்தப்பாவுக்குத்தான் பேச்சு விழும்."

கையேந்தாமல் கிடைத்த வேலை என்றால் கேட்கலாம். உறவு முறையில் கிடைத்த வேலையில் உரிமை கேட்டால் நன்றி கெட்டவன் என்று பெயர் வரும். முதலாளியும் கெட்டவர் இல்லை. தம்பியின் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கேட்காமலே காசு கொண்டுவந்து கொடுத்தவர். அந்தக் காசையெல்லாம் கூட்டிப் பார்த்தால் 12 வீதத்துக்குக் கிட்டவும் வராது என்று நான் சொன்னேன். தம்பி பதில் பேசவில்லை. பக்கத்தில் இருந்த சித்தப்பா பேசினார். முப்பது வருடம் ஓடிய மனுசன், நிதி என்று ஒரு சதம் இல்லை, முழங்கால் இரண்டும் கிளச்சோடு போய்விட்டது. "நான் கேக்கல்ல. அவன் கேட்டா நான் கோவிக்க மாட்டன் எண்டு எழுதுங்க" என்றார். எழுதிவிட்டேன்.

கம்பனிகளுக்குக் கொன்றாக்டில் ஓடுகிற பெரிய போக்குவரத்து நிறுவனங்களில் சம்பளச் சிட்டை உண்டு, நிதி உண்டு. அதற்கு ‘சிஈ’ வேண்டும். தம்பி இப்போது அதற்குப் பழகுகிறார். ட்ரெய்லரைப் பின்னுக்கு எடுக்கும்போது ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் ஒடிக்க வேண்டும் என்பது இன்னும் கைக்கு வரவில்லை என்கிறார். இந்த முறை சீட்டைக் கேட்கவில்லை, நடைக் காசில் மிச்சம் பிடித்துப் போகிறார்.

சீட்டுக்கு இப்போது வேறு பஞ்சாயத்து. அதே வளவில் இன்னொரு பெடியன், மேசன் வேலை நின்றுபோய் வீட்டில் இருக்கிறான். கனரக லைசன்சுக்கு முறையை விட்டுத் தாருங்கள் என்று அவனுடைய தாய் கேட்டிருக்கிறார். அவனுக்கு லொறி ஓடுகிற சித்தப்பா யாரும் கிடையாது. எந்த லொறியில் ஏற்றுவது என்று தெரியாமல் காசை மட்டும் கொடுத்து என்ன பயன் என்பது ஒரு கட்சி. கூரை மாற்றக் காத்திருந்த பெண் மறுகட்சி. அப்போது விட்டுக்கொடுத்த எனக்கு இதில் பேச உரிமை இருக்கிறது, நம்முடைய தம்பியே அவனைக் கிளீனராக ஏற்றட்டும் என்கிறார். ஏற்றுவதா என்பதை முதலாளி சொல்ல வேண்டும். அவரிடம் யார் போய்ப் பேசுவது என்பதில் பேச்சு நிற்கிறது.

(தொடரும்)