பூப்பு எனும் வாயில்

நுழையும்முன்
சிறுமி ஒருத்தி பெண்ணாகும் பருவத்தை உலகின் பல சமுதாயங்கள் சடங்கால் குறித்துவைத்துள்ளன. சில இடங்களில் அது விழா. சில இடங்களில் விலக்கு. பல இடங்களில் இரண்டும் கலந்தது. அந்நாளில் ஊர் தன் மகளிடம் என்ன சொல்கிறது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

கிழக்கு நோக்கி ஓடும் சிறுமி

அமெரிக்க நாட்டின் தென்மேற்கில், அரிசோனா, நியூ மெக்சிகோ, யூட்டா ஆகிய மூன்று மாநிலங்களில் பரந்துகிடக்கிறது நவஹோ பழங்குடியினரின் நிலம். அங்கே பூப்பெய்திய சிறுமிக்கு நடத்தப்பெறும் சடங்கிற்குக் 'கினால்டா' என்று பெயர். நான்கு நாள் நடைபெறும் இச்சடங்கின் உயிர்நாடி ஓட்டம். சிறுமி கிழக்கு நோக்கி ஓடுகிறாள். ஓடிய தொலைவிலிருந்து திரும்பி வருகிறாள். ஒவ்வோர் ஓட்டமும் முந்தியதைவிட நீண்டதாக இருத்தல் வேண்டும். உறவினரும் தோழியரும் ஆரவாரித்துக்கொண்டு பின்னால் ஓடுவர். ஆனால், எவரும் அவளை முந்துதல் கூடாது. முந்துபவர் அவளுக்கு முன்பே முதுமை எய்துவர் என்பது நம்பிக்கை. அவள் எவ்வளவு தொலைவு ஓடுகிறாளோ அவ்வளவு வலிமையும் நெடிய வாழ்வும் பெறுவாள் என்கின்றனர் முதியோர்.

பூப்பெய்திய பொழுதில் பெண்ணின் உடல் பிறந்த குழந்தையின் உடலைப் போல மென்மையாக இருக்கும் என்று நவஹோ மக்கள் கருதுகின்றனர். எனவே, நற்பண்பு உடையவர் என ஊரார் மதிக்கும் பெண்மணி ஒருவர், அவளைக் கம்பளத்தின்மேல் கிடத்தி, கை கால்களையும் தோள்களையும் நீவிவிடுகிறார். குயவர் மண்ணை வனைவது போன்ற செயல் இது. அப்பெண்மணியின் குணம் சிறுமிக்கும் வாய்க்கும் என்பது கருத்து. யூக்கா என்னும் செடியின் வேரை நசுக்கி எடுத்த நுரையால் அவளது கூந்தல் அலசப்படுகிறது. இடைப்பட்ட நாள்களில் அவள் மக்காச்சோளம் அரைக்கிறாள். அந்த மாவைக் கொண்டு, மண்ணில் வெட்டிய குழியில் சோளத்தோகை பரப்பி, பெரிய வட்ட அப்பம் ஒன்றை இரவு முழுவதும் வேகவிடுகின்றனர். அவ்விரவு எவரும் உறங்குவதில்லை. விடியும்வரை பாடல்கள் ஒலிக்கின்றன. காலையில் அப்பத்தை வெட்டி அனைவருக்கும் பகிர்ந்தளிப்பவள் அச்சிறுமியே. அவள் மட்டும் அதை உண்பதில்லை. தன் உழைப்பால் விளைந்ததைப் பிறர்க்கு ஈவதே, பெண்ணான பின் அவள் செய்யும் முதற்செயல்.

பச்சை ஓலைக் குடிசை

நம் தமிழ்நாட்டுக்கு வருவோம். 'பெரியவளானாள்', 'வயதுக்கு வந்தாள்', 'சடங்கானாள்' என்று நாம் வழங்கும் சொற்கள் பல. யாழ்ப்பாணத்தார் இவ்விழா நிகழும் வீட்டைச் 'சாமத்திய வீடு' என்பர். பூத்தல் என்னும் வினையிலிருந்து பிறந்த 'பூப்பு' என்ற பழஞ்சொல் இவை அனைத்திலும் அழகியது. ஆயினும், அழகிய சொல் இருந்த இடத்திலேயே 'தீட்டு' என்ற சொல்லும் இருந்தது. மாதவிலக்கான மகளிர் கலம் தொடாது முருகன் கோட்டத்தில் ஒதுங்கி நிற்பதைப் புறநானூற்றுப் பாடல் ஒன்று உவமையாக ஆள்கிறது. ஒதுக்கும் வழக்கம் எத்துணைப் பழைமையானது என்பதற்கு இதுவே சான்று.

தாய்மாமன் பச்சை ஓலை கொண்டுவந்து குடிசை கட்டுவதும், அதில் சிறுமி தனித் தட்டும் தனிப் பாயுமாக இருப்பதும், குறித்த நாளில் மஞ்சள் நீராட்டிச் சீர்வரிசையுடன் அவளை வீட்டுக்குள் அழைப்பதும் பல ஊர்களில் வழக்கம். உளுந்தங்களி, நல்லெண்ணெய், முட்டை, புட்டு என்று அந்நாள்களில் ஊட்டப்படும் உணவுகளில் வளரும் உடலைப் பேணும் அறிவு இருக்கிறது. இதனை மறுப்பதற்கில்லை. ஆனால், இவ்விழா ஏன் ஊரறிய நடத்தப்பட்டது என்பதையும் மறைத்தல் தகாது. மணத்திற்கு உரிய பெண் ஒருத்தி இவ்வீட்டில் இருக்கிறாள் என்பதே அதன் அறிவிப்பு. தாய்மாமன் சீர், முறைமாமன் உரிமையோடு பின்னிக் கிடந்ததும் இதனால்தான். நவஹோச் சிறுமி வெளியே ஓடுகிறாள். நம் சிறுமி உள்ளே அமர்கிறாள். இந்த ஒரு வேறுபாடு சிந்திக்கத்தக்கது.

சப்பானில் பெண் பூப்பெய்திய நாளில் சிவப்புப் பயற்றைச் சேர்த்துச் செந்நிறச் சோறு சமைக்கும் வழக்கம் உண்டு. காரணத்தை வாயால் கூறாமலே அச்சோறு குடும்பத்தார்க்குச் செய்தி சொல்லிவிடும். ஒடிசாவில் சூன் மாத நடுவில் நிகழும் 'ரஜ' விழா இன்னும் ஒருபடி மேலே செல்கிறது. நிலமகளே பூப்படைந்ததாகக் கருதி மூன்று நாள் ஏரைத் தொடாமல் விடுகின்றனர். அந்நாள்களில் பெண்களுக்கும் வீட்டுவேலையிலிருந்து ஓய்வு. புத்தாடை உடுத்தி ஊஞ்சலாடுகின்றனர். விலக்கு என்பது ஓய்வாகவும் அமையலாம் என்பதை இவ்விழா காட்டுகிறது.

விலக்கு உயிரைக் குடிக்கும்போது

நேபாளத்தின் மேற்குப் பகுதியில் வழங்கும் 'சௌபடி' இதற்கு நேர்மாறானது. பூப்பெய்திய சிறுமி அன்று தொடங்கி, மாதந்தோறும் வீட்டுக்கு வெளியே சிறு குடிலிலோ தொழுவத்திலோ தங்கவேண்டும். குளிருக்காக மூட்டிய தீயின் புகையில் மூச்சுத் திணறியும் பாம்பு தீண்டியும் அங்கே பெண்கள் இறந்திருக்கின்றனர். அந்நாட்டு உச்சநீதிமன்றம் 2005-ஆம் ஆண்டிலேயே இவ்வழக்கத்தைத் தடைசெய்தது. 2017-இல் இயற்றப்பட்ட சட்டம், பெண்ணை இவ்வாறு ஒதுக்கிவைப்போர்க்கு மூன்று மாதச் சிறை அல்லது 3,000 ரூபாய் தண்டம் விதித்தது. அதன் பின்னரும் இவ்வழக்கம் முற்றாக மறையவில்லை.

கென்யா நாட்டின் சில பழங்குடிகளிடையே, பூப்பு வாயிலில் நிற்கும் சிறுமியின் உறுப்பைச் சிதைக்கும் கொடிய வழக்கம் இருந்தது. தடை மட்டும் போதவில்லை. சடங்கு இல்லையேல் மகள் முழுமையான பெண்ணாக மதிக்கப்படமாட்டாளே என்று தாய்மார் அஞ்சினர். அவ்வச்சத்தை உணர்ந்த பெண்கள் அமைப்பினர், 1996-இல் தராக்கா பகுதியில் ஒரு மாற்று வழியைத் தொடங்கினர். சிறுமியர் ஒரு வாரம் தனித்திருந்து, தம் உடலைப் பற்றியும் குலமரபு பற்றியும் மூத்த பெண்களிடம் கற்றனர். இறுதியில் ஊர்கூடி ஆடல், பாடல், பரிசுகளோடு அவர்களை வரவேற்றது. கத்தி மட்டும் இல்லை. 'சொல்லால் செய்யும் சடங்கு' என்னும் பொருள்படும் பெயரை அதற்கு இட்டனர். சடங்கை அழிக்காமல் அதன் கொடுமையை மட்டும் களைந்த இம்முயற்சி, பிற பகுதிகளுக்கும் பரவியது.

புதுக்கோட்டையில் ஒரு சிறுமி

பூப்பால் ஒரு பெண்ணின் வாழ்வில் அடைபடும் கதவுகளுள் முதன்மையானது பள்ளியின் கதவு. 1886-இல் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலெட்சுமி, பூப்பெய்தியதும் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டார். மணம் முடித்துவிட வேண்டும் என்பது தாயின் விருப்பம். தந்தையோ வீட்டிலேயே கல்வியைத் தொடரச் செய்தார். பின்னர் ஆடவர் மட்டுமே பயின்ற மன்னர் கல்லூரியில் அவர் இடம் கேட்டபோது எதிர்ப்பு எழுந்தது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் இசைவளித்தார். 1912-இல் மருத்துவப் பட்டம் பெற்ற அவர், 1927-இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்தின் முதல் பெண் உறுப்பினரானார். பெண்ணின் மணவயதை உயர்த்த வலியுறுத்தியோருள் அவரும் ஒருவர். சாரதா சட்டம் எனப்படும் 1929-ஆம் ஆண்டுச் சட்டம், பெண்ணின் மணவயதைப் பதினான்காக வரையறுத்தது. பூப்புக்கு முன்பே மணம் முடித்தல் சிறப்பு எனக் கருதிய காலத்தில், அச்சட்டத்திற்கு எழுந்த எதிர்ப்பு சிறிதன்று.

நவஹோ மக்களுக்கும் இத்தகைய காலம் ஒன்று இருந்தது. அங்கே முரண்பாடு வேறு விதமாக எழுந்தது. 1883 முதல் பழங்குடியினரின் சடங்குகள் பலவற்றை அமெரிக்க அரசு குற்றமாக்கியது. வீட்டிலிருந்து பிரித்து உறைவிடப் பள்ளிகளுக்கு அனுப்பப்பட்ட சிறுமியருள் பலர் கினால்டா காணாமலே வளர்ந்தனர். கல்வி வேண்டுமாயின் மரபைக் கைவிடு என்பது அப்பள்ளிகளின் போக்கு. பழங்குடியினரின் சமய உரிமையைக் காக்கும் சட்டம் 1978-இல்தான் வந்தது. இன்று நவஹோக் குடும்பங்கள் பல, மகளின் பள்ளி விடுமுறையைப் பார்த்துச் சடங்கிற்கு நாள் குறிக்கின்றன. நான்காம் நாள் விடியலில் கடைசி ஓட்டத்தை முடித்து அப்பத்தைப் பகிர்ந்தளித்த சிறுமி, விடுமுறை முடிந்ததும் புத்தகப் பையுடன் பள்ளிப் பேருந்தில் ஏறுகிறாள்.