தொப்பியில் யானைச் சின்னம். பையில் மில் டோக்கன்!

கோவை, அக். 9-

இன்று டெரிட்டோரியல் ஆர்மி தினம். 1949-ம் ஆண்டு இதே தேதியில் இந்தப் படையைத் தொடங்கி வைத்தவர், அப்போது கவர்னர் ஜெனரலாக இருந்த ராஜாஜி. சேலத்தில் வக்கீல் தொழில் பார்த்தாரே, அதே ராஜாஜிதான்!

கோவை ரெட்பீல்ட்ஸில் என்ன இருக்கிறது என்று கேட்டால், "நேவி இருக்குதுங்க, ஏர்போர்ஸ் காலேஜ் இருக்குதுங்க" என்பார்கள். டெரிட்டோரியல் ஆர்மியின் 110-வது காலாட்படை பட்டாளம் (மெட்ராஸ்) இருப்பதும் அங்கேதான். சுருக்கமாக டி.ஏ. பட்டாளம்.

இதில் சேருகிறவர் வேலையை விட வேண்டியதில்லை. மில்லில் இருக்கலாம், கடை வைத்திருக்கலாம், தோட்டம் பார்க்கலாம். ஆண்டுக்கு சுமார் 2 மாதம் பயிற்சி. நாட்டுக்கு அவசரம் என்றால் அழைப்பு வரும். துப்பாக்கியைத் தூக்கிக் கொண்டு கிளம்ப வேண்டும். 1962, 1965, 1971 போர்களில் டி.ஏ. படையினர் பணியாற்றினார்கள்.

யானை எப்படி வந்தது?

தொப்பியில் இவர்கள் அணிவது மெட்ராஸ் ரெஜிமெண்டின் சின்னம். கேடயம், குறுக்கே 2 வாள், மேலே யானை.

இந்த யானைக்கு 200 வயதுக்கு மேல் ஆகிறது! 1803 செப்டம்பர் 23-ந் தேதி, இன்றைய மராட்டிய மாநிலத்தில் உள்ள அசாயி கிராமத்தில் பெரும் சண்டை. கும்பெனிப் படைக்குத் தளபதி ஆர்தர் வெல்லெஸ்லி. எதிரே பல மடங்கு பெரிய மராத்தியப் படை. மதராஸ் சிப்பாய்கள் பின்வாங்கவில்லை. வெற்றிக்குப் பரிசாகக் கிடைத்ததுதான் யானைச் சின்னம். (எதிரே நின்றவர்களும் நம் நாட்டவர்களே. அது தனிக் கதை.)

பின்னாளில் வெலிங்டன் பிரபு ஆகி, வாட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடித்தவரும் இதே வெல்லெஸ்லிதான். குன்னூர் பக்கத்து வெலிங்டன் அவர் பெயரில் அமைந்த ஊர். மெட்ராஸ் ரெஜிமெண்டின் தலைமைப் பயிற்சி மையம் இப்போது இருப்பதும் அங்கேதான்!

"வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு!" இது அவர்களின் போர் முழக்கம்.

பேரைக் காப்பாற்றியவர்கள்

"வருஷத்துல ரெண்டு மாசம் போறவங்களுக்கு யானை எதுக்கு?" என்று கேட்பவர்கள் உண்டு.

வரலாறு வேறு மாதிரி சொல்கிறது. முதல் உலகப் போருக்குப் பிறகு வெள்ளைக்காரன் சிக்கனம் பார்த்து, மதராஸ் படையின் நிரந்தரப் பட்டாளங்களை ஒவ்வொன்றாகக் கலைத்தான். 1920-களின் கடைசியில் மிச்சம் இருந்தவை பகுதி நேரப் பட்டாளங்கள் மட்டுமே. 2-வது உலகப் போர் வந்து ஆள் தேவைப்பட்டபோது, 1941-ல் அந்தப் பகுதி நேர ஆட்களை வைத்துத்தான் ரெஜிமெண்ட் மறுபடி எழுந்தது. ரெஜிமெண்டின் பெயரைக் காப்பாற்றிக் கொடுத்தவர்கள் இவர்கள்தான்!

பென்ஷன் கணக்கு

நடிகர் மோகன்லாலுக்கு 2009-ல் டி.ஏ.யில் கவுரவ லெப்டினன்ட் கர்னல் பதவி தந்தார்கள். கேரளத்தில் உள்ள 122-வது மெட்ராஸ் பட்டாளம் அவருடையது. அன்று எல்லாப் பத்திரிகையிலும் படம் வந்தது. சாதாரண ஜவானின் கணக்கைத்தான் யாரும் போட்டுப் பார்ப்பதில்லை.

அவருக்குச் சம்பளம், பயிற்சியிலும் அழைப்புப் பணியிலும் இருக்கும் நாட்களுக்கு மட்டும். பென்ஷன் வேண்டுமானால் அழைப்புப் பணி நாட்கள் மட்டும் சேர்ந்து 15 ஆண்டு ஆக வேண்டும். பட்டியலில் பெயர் இருந்த ஆண்டுகள் செல்லாது. ஆண்டுக்கு 2 மாதம் வீதம் வைத்தால் 15 ஆண்டு சேர 90 ஆண்டு ஆகும்!

காஷ்மீர், வடகிழக்கு என்று நீண்ட காலம் அனுப்பப்படுகிறவர்களுக்குத்தான் அந்தக் கணக்கு எட்டும். அப்படிப் போகிறவருக்கு இன்னொரு கவலை: திரும்பி வந்தால் மில் கேட் திறக்குமா?

திறக்க வேண்டும் என்கிறது சட்டம். பட்டாளத்துக்குப் போய் வந்தவரைப் பழைய வேலையில் முதலாளி திரும்பச் சேர்க்க வேண்டும். மறுத்தால் 6 மாதச் சம்பளம் வரை நஷ்டஈடு கொடுக்க உத்தரவிடலாம்.