உங்களுக்குத் தெரியுமா? குதிரையின் பார்வையைப் பறிக்கும் கண் அழற்சி

உலகெங்கும் குதிரைகள் பார்வை இழக்க முதன்மைக் காரணம், விட்டுவிட்டுத் திரும்பி வரும் கண் அழற்சிதான். உடலின் நோய் எதிர்ப்பாற்றலே விழியின் நடுப்படலத்தைத் தாக்குகிறது. நிலவின் வளர்பிறை, தேய்பிறைதான் இதற்குக் காரணம் என்று ஒரு காலத்தில் நம்பினார்கள்.

எலி, கால்நடைகளின் சிறுநீர் கலந்து தேங்கிய நீரில் இருக்கும் லெப்டோஸ்பைரா கிருமி பல குதிரைகளில் இதைத் தூண்டிவிடுகிறது. பரம்பரைக்கும் பங்குண்டு. வடமேற்கு அமெரிக்காவின் நெஸ் பெர்ஸ் பழங்குடியினர் வளர்த்த அப்பலூசா என்ற புள்ளிக் குதிரைக்கு, மற்ற இனங்களைவிட ஏறத்தாழ 8 மடங்கு அதிக ஆபத்து.

அழற்சி வந்த கண்ணில் இமை பாதி மூடியிருக்கும், நீர் வடியும், கருவிழியில் நீலம் கலந்த மங்கல் படரும். இந்த அறிகுறிகள் தெரிந்த அன்றைக்கே கால்நடை மருத்துவரை அழைத்தாக வேண்டும்.

மருத்துவர் முதலில் கண்ணில் ஃபுளோரசின் சாயம் விடுவார். கருவிழியில் புண் இருந்தால் அந்த இடம் பச்சையாக ஒளிரும். புண்ணைக் கவனிக்காமல், அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டு சொட்டு மருந்து போட்டால் கண்ணே பறிபோகலாம்.

சுருங்கிய கண்மணியை விரித்து வலியைத் தணிப்பது அட்ரோபின். அது குடலின் இயக்கத்தை மந்தமாக்கக்கூடியது என்பதால், குதிரை சரியாகச் சாணம் போடுகிறதா, தீனி எடுக்கிறதா என்று தினமும் பார்க்க வேண்டும்.

அடிக்கடி அவதிப்படும் குதிரைகளுக்கு, சைக்ளோஸ்போரின் மருந்துத் தகட்டை அறுவை சிகிச்சை மூலம் விழிச்சுவருக்குள் பொருத்துகிறார்கள். அது ஆண்டுக்கணக்கில் மருந்தைச் சிறிது சிறிதாகக் கசியவிடும். வெயிலையும் ஈயையும் தடுக்க வலை முகமூடி, லாயத்தில் எலிக் கட்டுப்பாடு ஆகியவை அன்றாடப் பராமரிப்பில் சேரும்.