கூடு கலைந்த பிறகு

குளவிக் கொட்டுக்கு இலக்கானவர்களை லொறியிலும் ஆட்டோவிலும் ஏற்றி டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலைக்குக் கொண்டுவரும் காட்சி, இப்பகுதியில் வசிப்பவர் எவருக்கும் புதுமையானதன்று. மறுநாள் பத்திரிகையின் ஒரு மூலையில், கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் இத்தனை பேர் கொட்டுப்பட்டார்களென்றும், மரத்திலிருந்த கூட்டைக் கழுகு கலைத்துவிட்டதென்றும் நான்கு வரி வெளியாகும். கழுகைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த இயலாதாகையால், பழியை ஏற்க விதி ஒன்றே மிஞ்சுகிறது.

தேயிலை அரைக்கும் ஸ்டோரிலே ரோலரில் ஒருவருடைய கை அகப்பட்டுக்கொண்டாலோ, விதியின் ஸ்தானத்தில் 'அஜாக்கிரதை' வந்து அமர்ந்துகொள்ளும். இரண்டு சொற்களுக்கும் பலன் ஒன்றுதான்: விசாரணை எங்கே தொடங்கவேண்டுமோ அங்கேயே முடிந்துவிடுகிறது. 1931ஆம் ஆண்டில் ஹைன்ரிச் என்ற அமெரிக்க இன்ஷூரன்ஸ் உத்தியோகஸ்தர், நூற்றுக்கு 88 விபத்துக்கள் மனிதரின் அபாயகரமான செய்கையால் நேர்வன என்று எழுதி உலகப் பிரசித்தி பெற்றார்; ஆனால் அவர் ஆராய்ந்த ஏடுகளிற் பெரும்பகுதி ஆலை முதலாளிமார் வைத்திருந்தவை. கணக்கப்பிள்ளை எழுதும் பிழைப்பட்டியலில் கணக்கப்பிள்ளையின் பெயர் என்றைக்காவது வந்ததுண்டா?

கழுகிடமிருந்து பின்னோக்கி நடந்து பார்ப்போம். நம்மவர் குளவி என்று பொதுவிலே வழங்குவது பல சமயம் பெருந்தேனீயே. அது கொட்டிய இடத்தில் விட்டுச்செல்லும் வாசனை மற்றத் தேனீக்களையும் அங்கே அழைப்பதால், உதவிக்கு ஓடிவந்தவரும் கொட்டுப்படுகிறார். சரி, மரத்திலே கூடு இருப்பது முன்னமே தெரியாதா? தெரிந்திருந்தால், அந்த மலையை அன்றைக்கு விட்டு வேறு மலைக்கு ஆட்களை அனுப்பும் அதிகாரம் கங்காணிக்கு உண்டா? கூட்டைக் கண்டவளே ஏன் நிரையை விட்டு வெளியேறவில்லை என்று கேட்டால், நிறுவையில் கிலோ குறைந்தால் அரைப்பேர்தான், அதாவது அரைநாட் சம்பளந்தான், விழும் என்ற பதில் வரும். தலையிலிருந்து முதுகில் தொங்கும் கூடையும் இடுப்பில் இறுக்கிய படங்குமாகச் செங்குத்தான சரிவில், காடு மண்டிய கான்களைத் தாண்டி எவ்வளவு தூரம் ஓட முடியும்? ஒவ்வாமையால் மூச்சுத் திணறுகிறவருக்கு உடனே ஏற்றவேண்டிய அட்ரினலின் ஊசி எத்தனை மைல் தள்ளியிருந்தது? இத்தனை கேள்விகளுக்கும் விடை மனிதரிடத்திலேயே இருக்கிறது. கழுகிடத்தில் இருப்பது ஒன்றே ஒன்று.

சட்டம் இவ்வளவு தூரம் நடப்பதில்லை. 1934ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம், காயம் வேலையின்போது வேலையின் காரணமாக நேர்ந்ததா என்று வினவி நட்டஈட்டை நிர்ணயிக்கும்; மறுபடி நேராமலிருக்க வழி தேடுவது அதன் வேலையன்று. 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் யந்திரங்களுக்குக் காப்பு வேண்டுமென்கிறது, விபத்தை அறிவிக்கச் சொல்கிறது, பரிசோதகரையும் அனுப்புகிறது. ஆயினும் அதன் கை ஸ்டோரின் வாசற்படியோடு நின்றுவிடுகிறது. கொழுந்து மலை தொழிற்சாலையல்லவே! ஆதலால் ஒரே தோட்டத்தில் ரோலருக்குப் பரிசோதகர் வருவார். கூடு தொங்கும் கருப்பந்தைல மரத்தடிக்கு வருகிறவர் கங்காணி மட்டுமே.

பெருந்தேனீக்கள் ஒரே மரத்திலே பல கூடுகள் கட்டும் சுபாவமுடையவை. கொழுந்துச் சுற்றோ ஏழெட்டு நாளில் மறுபடி அதே மலைக்கு வந்துவிடும்.