கைடு வாங்கும் முன் ஒரு நிமிஷம்!

பள்ளி திறந்ததும் சித்தையன்கோட்டையிலிருந்து செம்பட்டி வழியாகத் திண்டுக்கல்லுக்கு பஸ் ஏறும் பெற்றோர் பலரின் பையில் ஒரு புத்தகப் பட்டியல் இருக்கும். கணக்குக்கு ஒரு கைடு, இயற்பியலுக்கு இரண்டு, ‘இங்கிலீஷ் ஸ்டைலா பேச’ ஒன்று. தோட்ட வேலைக்குப் போகும் வீட்டில் அது ஒரு வாரக் கூலி. பக்கத்து வீட்டுப் பிள்ளை வாங்கிவிட்டதே என்ற பயத்தில்தான் பாதிப் பணம் போகிறது.

அரசுப் பள்ளியில் இலவசமாகத் தருகிறார்கள் என்பதாலேயே பாடநூல் நமக்கு இளக்காரம். 2018-19-ல் 1, 6, 9, 11-ம் வகுப்புகளுக்கும், அடுத்த ஆண்டு மற்ற வகுப்புகளுக்கும் புதிதாக எழுதப்பட்ட தமிழ்நாட்டுப் பாடநூல்கள் சாதாரணமானவை அல்ல. தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைக்கு அறிவியல் புத்தகங்களில் வரும் கலைச்சொல் பட்டியல் பெரிய சொத்து. ‘முடுக்கம்’ என்று படித்துவிட்டு, கல்லூரியில் ‘ஆக்ஸிலரேஷன்’ என்று கேட்டதும் முழிக்க வேண்டியதில்லை. நீட் எழுதுபவர்கள் என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அதையும் இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம்.

இதற்கு மேலும் புத்தகம் வேண்டுமா? கடையிலேயே சோதித்துப் பாருங்கள். பிள்ளைக்குப் புரியாத பாடத்தைத் திறந்து, தீர்த்துக் காட்டிய ஒரு கணக்கைப் படிக்கச் சொல்லுங்கள். ஒரு வரியிலிருந்து அடுத்த வரிக்கு எப்படி வந்தது என்று அவளால் சொல்ல முடிந்தால் வாங்கலாம். விடை மட்டும் அடுக்கியிருந்தால் வேண்டாம். ஹெச்.சி.வர்மாவின் இயற்பியல் புத்தகம் அருமையானதுதான். ஆனால், பள்ளிப் புத்தகம் புரிந்த பிறகு தொட வேண்டியது அது.

ஆங்கில உச்சரிப்பில்தான் அதிகம் ஏமாறுகிறோம். ஒலிப்பதிவு இல்லாத உச்சரிப்புப் புத்தகம், நீச்சலைக் கரையில் நின்று கற்பது மாதிரி. உலகப் புகழ்பெற்ற ஒன்றின் பெயரே ‘ஷிப் ஆர் ஷீப்?’ குறில், நெடில் படித்து வளர்ந்த நமக்கு அந்த வித்தியாசம் பெரிய சிரமமில்லை. நம் சிக்கலே வேறு. ‘புக்’ என்பது ‘புக்கு’ ஆகிறது, ‘ஃபேன்’ என்பது ‘பேன்’ ஆகிறது. அதைவிட முக்கியம், எந்த அசையை அழுத்துவது என்பது. ‘போட்டோகிராஃப்’பில் முதல் அசையில் அழுத்தம். ‘போட்டோகிராஃபி’யில் அது இரண்டாவது அசைக்கு நகர்ந்துவிடும். தமிழில் இந்தப் பழக்கமே இல்லை!

இதையெல்லாம் இந்திய மாணவர்களை மனதில் வைத்தே விளக்கும் புத்தகம், டி.பாலசுப்ரமணியன் எழுதி 1981-ல் வெளிவந்தது. கல்லூரி மாணவர்களுக்கானது, பிளஸ் டூ பிள்ளைக்குக் கனம். அவளுடைய ஆங்கில டீச்சர் கையில் இருந்தால் போதும்.

பிள்ளைக்கு உங்கள் செல்போனே போதும். கேம்பிரிட்ஜ், ஆக்ஸ்போர்டு இணைய அகராதிகளில் பிரிட்டிஷ், அமெரிக்க உச்சரிப்பு இரண்டையும் இலவசமாகக் கேட்கலாம். ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். தினமும் பத்து வார்த்தை கேட்டு, தன் குரலில் பதிவு செய்து, ஒப்பிட்டுப் பார்க்கட்டும். அடுப்படியிலிருந்து பாட்டி சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்.